கடல் அண்ணாச்சியின் சிறுநீரகம்

அக்கா,

இன்று விடியக்காலையில் எங்கள் ஊரில் நல்ல மழை. ஐப்பசி பிறந்து இதுதான் முதல் பெருமழை. மழை விட்டதும், உளுந்து எப்படிக் கிடக்கிறது என்று பார்க்கப் புஞ்சைக்குப் போனேன். வரப்பிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம்தான் நடந்திருப்பேன், கரிசல் செருப்பில் அப்பிக்கொண்டது. எட்டு வைக்க வைக்கச் செருப்பு கனத்தது. கடைசியில் கால் வந்தது, செருப்பு வரவில்லை. ஒற்றைச் செருப்போடு நடுப்புஞ்சையில் நின்றவனுக்குக் கடல் அண்ணாச்சி ஞாபகம் வந்து, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அடுத்த புஞ்சையில் மம்பட்டியோடு நின்ற என் சித்தப்பா மகன் நிமிர்ந்து பார்த்தான்.

"என்னண்ணே, தனியா நின்னு சிரிக்குதீங்க?"

அவனிடம் என்ன சொல்வது? மலை போன்ற மிருகம் ஒன்று நம் கரிசலில் காலை வைத்தால் திரும்ப எடுக்குமா எடுக்காதா என்று ஒரு மழைக்காலம் முழுக்க நீங்களும் நானும் வழக்காடியதைச் சொன்னால், 'ஆஸ்பத்திரி மிஷின் கூடிப் போச்சு, அண்ணனுக்கு மூளைக்கு ஏறிட்டு' என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவான். இது புரிகிற ஆள் நீங்கள் ஒருவர்தான். அதனால் காலைக் கழுவிவிட்டு வந்து உங்களுக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே என்றால் நாம் பேசியிருக்கவே மாட்டோம். உங்களுடையது கோவில்பட்டியில் தலைமுறையாகத் தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிற குடும்பம். எங்களுடையது கயத்தாற்றுக்குக் கிழக்கே ஆடு மேய்த்து, பிறகு புஞ்சை பிடித்த குடும்பம். நான் லாரி ஓட்டினேன். உங்கள் ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தி, தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருக்கிறேன். அப்போது நீங்கள் உள்ளே இருந்திருப்பீர்கள். உங்களைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை, என்னைப் பார்த்த ஞாபகம் உங்களுக்கும் இல்லை. கடைசியில் இரண்டு பேருக்கும் சிறுநீரகம் கைவிட்டதால், கோவில்பட்டி ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் அறையில் அடுத்தடுத்த கட்டில் கிடைத்தது.

அந்த நாட்களில் நான் மனுசனாகவே இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து படுத்து, கையில் இரண்டு தடித்த ஊசியைக் குத்திக்கொண்டு, உடம்பில் ஏறிய தண்ணீரையும் அழுக்கையும் மிஷின் எடுத்து முடிக்கிறவரை மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக் கிடக்க வேண்டும். நாளுக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான். அதிலேயே காப்பியும் அடக்கம், ரசமும் அடக்கம். கத்திரி வெயிலில் லாரி ஓட்டியபோது குடம் குடமாகக் குடித்தவன் நான். ஊசி குத்துகிற பெண்ணோடு சண்டை, எடை பார்க்கிற பையனோடு சண்டை, வீட்டில் மனைவியோடு சண்டை. பக்கத்துக் கட்டிலில் ஒரு பணக்கார அம்மாள் டிவியைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருப்பது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்றைக்கு அந்த டிவியில் ஏதோ வெளிநாட்டுப் படம், தமிழ்க் குரல் கொடுத்தது. கடல் பிளந்து ஒரு மிருகம் எழுந்து வந்தது. உடும்பு உடம்பு, எருமைக் கழுத்து, கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாகத் தொங்குகிற தோல். இரண்டு காலில் நின்று மூக்கு வழியாக ஆவியை விட்டது, பாலம் உருகி விழுந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"இவ்வளவு பாரத்த இந்தக் காலு தாங்குமா? ஆக்சில் ஒடிஞ்சு எப்பவோ உக்காந்திருக்கும். முடியாத காரியம்" என்றேன், யாரிடமும் இல்லாமல்.

நீங்கள் தலையை மட்டும் திருப்பினீர்கள். "நிக்குதுல்லா, தம்பி?"

"படத்துல நிக்குது."

"நிக்குதுன்னா நிக்குதுதான். முடியாதுன்னு யாரு வேணும்னாலும் சொல்லிருவாங்க. எப்படி நிக்குதுன்னு சொல்லுங்க. லாரிக்காரர்தானே நீங்க?"

எனக்கு ரோசம் வந்துவிட்டது. பாரம் கூடினால் டயரைக் கூட்டுவோம், ஸ்பிரிங் பட்டையைக் கூட்டுவோம், அதன் கால் எலும்பு ஒற்றைக் குழாயாக இருக்காது, லாரிப் பட்டை மாதிரி தகடு தகடாக அடுக்கியிருக்கும், அதனால்தான் நடக்கும்போது அப்படி அமுங்கி எழும்புகிறது என்றேன். நீங்கள் போனை எடுத்து, ஒற்றைக் கையாலேயே நான் சொன்னதை யாருக்கோ தட்டி அனுப்பினீர்கள். ஊசி குத்தின கையை அசைக்கக் கூடாதே. கொஞ்ச நேரத்தில் போன் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது.

அப்போதுதான் உங்கள் குழுவைப் பற்றித் தெரிந்தது. அந்த மிருகத்தை வைத்து எடுத்த படங்களையெல்லாம் பார்த்து, அதன் உடம்பு எப்படி வேலை செய்யும் என்று போனில் பேசிக்கொண்டே இருக்கிற ரசிகர் கூட்டம். கடலூரில் ஒரு மருந்துக்கடைக்காரர், சேலத்தில் ஒரு தறிக்காரர், கல்லூரிப் பிள்ளைகள் கொஞ்சம், மலேசியாவில் ஒரு அம்மாள். அதற்குச் சட்டம் ஒன்றே ஒன்று. திரையில் நடந்தது நடந்ததுதான், முடியாது என்று ஒருவரும் சொல்லக் கூடாது, காரணத்தை மட்டும்தான் தேட வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் கோவில்பட்டித் தியேட்டரில் முதல் படம் பார்த்ததிலிருந்து உங்களுக்கு இந்தக் கிறுக்கு என்றும், வீட்டில் எல்லாரும் அதைக் கேலி செய்வார்கள் என்றும் சொன்னீர்கள். அதற்குக் கடல் அண்ணாச்சி என்று பெயர் வைத்ததும் நீங்கள்தான். "எல்லாரும் தலதெறிக்க ஓடுதாங்களே தவிர, அவிய என்ன சோலியா வந்தாகன்னு ஒருத்தராவது கேட்டாகளா? வந்தவியள மரியாதையா அண்ணாச்சின்னு கூப்பிடணும்லா" என்றீர்கள்.

நம் அறைக்கென்று நீங்கள் ஒரு பழக்கம் உண்டாக்கினீர்கள். ஊசியைக் கழற்றுகிற நேரத்தில் ஒரு கேள்வி கேட்பீர்கள், அதற்குப் பதிலை அடுத்த டயாலிசிஸ் முறை நாளில் நேரில் வந்து சொல்ல வேண்டும். போனில் சொல்லக் கூடாது. அண்ணாச்சிக்கு இதயம் ஒன்றா இரண்டா? தூங்கும்போது எந்தப் பக்கம் படுக்கும்? தடுமல் பிடிக்குமா? நான் வயலில், பஸ்ஸில், சாப்பாட்டில் கை வைத்தபடி அதையே யோசித்துக்கொண்டிருப்பேன். என் மனைவி, "கடங்காரன நெனச்ச மாதிரி உக்காந்திருக்கீங்க" என்பாள். ஆனால் தண்ணீரைப் பற்றி யோசிக்காத நேரம் எனக்கு அப்போது அது ஒன்றுதான்.

அண்ணாச்சி நம் ஊருக்கு வந்தால் என்ன ஆகும் என்று பேசியது ஒரு ஐப்பசியில். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. உயரம் என்ன என்று குழுவில் மீட்டரில் சொன்னார்கள், உங்களுக்கும் எனக்கும் அது பிடிபடவில்லை. கடைசியில் எங்கள் கயத்தாற்றில் கரண்ட் எடுக்கிற காற்றாடி ஒன்றின் மேல் இன்னொன்றை நிறுத்தினால் வருகிற உயரம் என்று பேசி முடித்தோம். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அந்தக் காற்றாடி நட்டபோது நான் கம்பி இறக்கியிருக்கிறேன். வெயிலுக்கு வெடித்து மழைக்குப் பொங்குகிற மண் இது, எவ்வளவு ஆழம் தோண்டிக் காங்கிரீட் போட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தூத்துக்குடியில் கரையேறி மேற்கே வருகிற அண்ணாச்சி ஓட்டப்பிடாரம் தாண்டுவதற்குள் முழங்கால்வரை புதைந்துவிடுவார் என்றேன்.

"அப்ப கோடையில வரட்டும்" என்றீர்கள்.

"கோடையில வந்தா குடிக்கத் தண்ணி?"

எதிர்க் கட்டிலில் படுத்திருந்த கழுகுமலைப் பெரியவர் அதுவரை தூங்குவதாக நினைத்துக்கொண்டிருந்தோம். கண்ணைத் திறக்காமலே, "லாரித் தண்ணிக்கு வரிசையில நிக்கச் சொல்லுங்க" என்றார். அந்த அறையில் அவ்வளவு பேரும் ஒன்றாகச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். மிஷின் ஒன்று கூவ ஆரம்பித்து, ஊசி நகர்ந்துவிட்டதென்று பெண் ஓடி வந்தாள்.

வீங்கின முகம் விவகாரமும் எனக்கு மறக்காது. புதுப்படம் ஒன்று டிவிக்கு வந்தது. அண்ணாச்சி கடலிலிருந்து தலையைத் தூக்கியதுதான் தாமதம், நாலைந்து கட்டிலிலிருந்து ஒரே சமயத்தில் குரல்: "ஏ, நீர் ஏறியிருக்கு!" கண்ணுக்குக் கீழே பை, கன்னம் உப்பல், கணுக்கால் தெரியாத கால். முறைக்கு வராமல் போனவனுடைய முகம் எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எடை பார்க்கிற பையன்கூட வேலையை விட்டுவிட்டு வந்து, "ஆமா, நல்லா கோத்திருக்கு" என்றான். அண்ணாச்சிக்குச் சிறுநீரகம் போய்விட்டது, அதுதான் மூச்சுமுட்டு, அதுதான் எரிச்சல், பாலத்தை உடைப்பதெல்லாம் அதனால்தான் என்று நாம் முடிவு கட்டினோம். எனக்கு அது முழுக்க நியாயமாகப் பட்டது. நானும் அந்த வாரம் வீட்டில் ஒரு நாற்காலியை உடைத்திருந்தேன்.

நீங்கள் அதைப் பெரிய கண்டுபிடிப்பாகக் குழுவில் போட்டீர்கள். ஒருநாள் முழுக்க அமர்க்களப்பட்டது. அப்புறம் சேலத்துத் தறிக்காரர் பழைய படங்களிலிருந்து அண்ணாச்சியின் முகத்தை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி அனுப்பினார். முதல் படத்திலிருந்தே அதே பை, அதே உப்பல். பிறவி முகமே அதுதான். நீங்கள் போனை மார்பில் கவிழ்த்து வைத்துக்கொண்டு இருமி இருமிச் சிரித்தீர்கள். "நமக்கு யாரப் பாத்தாலும் நீர் ஏறுன மாதிரித்தான்லே தெரியுது. நேத்து என் மருமக அண்ணன் வந்திருந்தாரு, அவரு கணுக்காலத்தான் நான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றீர்கள். 'தம்பி' போய் 'ஏலே' வந்தது அன்றிலிருந்துதான்.

இன்னொரு முறை, கடலுக்குள் கிடக்கிறவர் குடிக்கிற உப்பையெல்லாம் என்ன செய்வார் என்று பேச்சு வந்தது. கடலாமை கண் வழியாக உப்பை வெளியேற்றும், பார்க்க அழுவதுபோல இருக்கும் என்று மருந்துக்கடைக்காரர் எழுதியிருந்தார். அதை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். "அழுதா உப்பு போயிரும்னா நமக்கு இந்த மிஷினே வேண்டாமேலே" என்றீர்கள். அன்று நீங்கள் சிரிக்கவில்லை.

அடுத்த வருசம் மாசியில் எனக்கு எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது. சிறுநீரகம் தருவதாக இருந்த என் தம்பிக்குச் சர்க்கரை இருப்பது பரிசோதனையில் தெரிந்து, அந்த வழி அடைபட்டது. லாரியையும் விற்றேன். வாங்கினவன் என் கண் முன்னாலேயே ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு போனான். அன்று இரண்டு தம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இனிமேல் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை என்று மனதுக்குள் முடிவெடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. முறை நாள் வந்தது, போகவில்லை. மனைவியிடம் மிஷின் பழுது என்றேன். அடுத்த முறைக்கும் போகவில்லை. அவள் அழுதாள். அவளுடைய அண்ணன் வந்து பேசினார், ஊர்ப் பெரியவர்கள் வந்து பேசினார்கள். பிள்ளைகளை நினைத்துப் பார் என்றார்கள். அவர்களை நினைத்துத்தான் போகவில்லை என்று எனக்குள் ஒரு வீம்பு.

அப்புறம் உங்கள் போன் வந்தது.

"ஏலே, பதில் எங்க?"

"என்ன பதிலு?"

"போன முறை கேட்டேன்லா. படத்துக்குப் படம் எத்தனையோ வருசம் அவிய கடலுக்கடியில கெடக்காவ. ஒடம்புல சேருத அழுக்கெல்லாம் எங்க போவுது?"

"அக்கா, நான் இனிமே வரல."

நீங்களும் புத்தி சொல்லப் போகிறீர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அது உன் இஷ்டம்லே. பதில யார்ட்ட குடுத்து விடுவ?"

போனை வைத்துவிட்டேன். எனக்கு வந்த கோபத்தில் உங்களை என்னென்னவோ திட்டினேன். சாகப் போகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? பணம் இருக்கிறவர்களுக்கு எல்லாமே விளையாட்டு என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் சாயங்காலம் புஞ்சைக்குப் போய் உடைமரத்தடியில் உட்கார்ந்தேன். படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தால்தான் கொஞ்சம் இழுக்க முடிந்தது. நிலமெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. என் பெரியப்பா மகன் அங்கே கிடை போட்டிருந்தான், உரத்துக்காக ஆட்டை வயலில் அடைத்து வைப்போமே, அது. பகல் முழுக்க வெயிலில் மேய்ந்து, ஒரே ஒரு தடவை தண்ணி காட்டின ஆடுகள். தரையெல்லாம் புழுக்கை, உருண்டை உருண்டையாக, காய்ந்த மிளகு மாதிரி. பக்கத்தில் எருமை போட்ட சாணி கரைந்து வழிந்து கிடந்தது. இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து பார்க்கிறதுதான்.

ஆடு ஒரு சொட்டைக்கூட வீணாக்காது, அக்கா. குடிக்கிற கொஞ்சத் தண்ணியையும் உடம்புக்குள் பிழிந்து எடுத்துவிட்டுச் சக்கையைத்தான் வெளியே தள்ளும். தண்ணியில்லாத சீமையில் பிழைக்கிற உடம்பு அது. அப்படியானால் வருசக்கணக்காக ஒன்றையும் வெளியே விடாமல் கிடக்கிற அண்ணாச்சி? அவர் கடலில் பிறந்தவரே இல்லை. இப்படி ஒரு காய்ந்த மண்ணில் பிறந்து, ஏதோ ஒரு பஞ்சத்தில் பிழைக்க வழியில்லாமல் கடலில் இறங்கினவர். உடம்பு மட்டும் பழைய ஊர்ப் பழக்கத்தை விடவில்லை. எனக்கு ரோமம் சிலிர்த்துவிட்டது. இதை உங்களிடம் சொன்னால் உங்கள் முகம் எப்படி ஆகும் என்று பார்க்க வேண்டும்போல இருந்தது. செத்தால் பார்க்க முடியாது. அவ்வளவு பேர் வந்து சொல்லியும் புத்தியில் ஏறாதது, அந்த ஒரு ஆசையில் ஏறியது.

"ஏட்டி, ஆட்டோ கூப்பிடு" என்று அங்கிருந்தே கத்தினேன். என்னைத் தேடி வரப்பில் வந்துகொண்டிருந்த என் மனைவி என்ன ஏது என்று கேட்கவில்லை. அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் என்னைத் தூக்கித்தான் கட்டிலில் போட்டார்கள். ஊசி குத்துகிற பெண் திட்டிக்கொண்டே குத்தினாள், மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். அது உங்கள் முறை நாளே இல்லை. ஆனால் என் மனைவி சொல்லித் தகவல் வந்து, நீங்கள் வீட்டுச் சேலையோடு வந்து பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தீர்கள். "ஏலே, இப்பத்தான் கடல்ல இருந்து எந்திரிச்சு வந்த மாதிரியே இருக்க. சேலத்துக்காரருக்குப் படம் எடுத்து அனுப்பட்டா?" என்றீர்கள்.

மிஷின் பாதி வேலையை முடித்த பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. "அக்கா, அண்ணாச்சி நம்ம ஊர்க்காரரு" என்றேன். ஆட்டுப் புழுக்கையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. எதற்கு அழுதேன் என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தீர்கள். "நல்லா அழு. உப்பு கொஞ்சம் போவட்டும்" என்றீர்கள். அதன் பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும் ஒருதடவ நிப்பாட்டியிருக்கேன்லே. ஒன்னய மாதிரித்தான், யார்ட்டயும் சொல்லல. அந்த வாரம் புதுப்படம் வருதுன்னு குழுவுல பேசிக்கிட்டாக. அதப் பாக்காமப் போக மனசு வரல. இதப்போயி யார்ட்ட சொல்ல முடியும்? புருசன் பிள்ளையவிட ஒனக்கு ஒரு பல்லிதான் பெருசான்னு கேப்பாக" என்றீர்கள். என்னிடம் சொன்னீர்கள். அதற்காகவே உங்களுக்கு நான் காலமெல்லாம் கடமைப்பட்டிருக்கிறேன்.

என் பதிலைக் குழுவில் பாதிப் பேர் ஏற்கவில்லை. மலேசியா அம்மாள் கொடியே பிடித்தார். நீங்கள் விடவில்லை. 'அண்ணாச்சி கரிசல்காரர்தான், ஊர்க்காரர் சாட்சி இருக்கிறார்' என்று எழுதினீர்கள். என்னையும் குழுவில் சேர்த்துவிட்டீர்கள். அதன் பிறகு நான் ஒரு முறையையும் தவறவிட்டதில்லை. மகளுக்குக் கல்யாணம் முடித்தேன். பேரன் பிறந்து, எடையைப் பார்த்த உடனே உங்களுக்குத்தான் போன் செய்தேன். "நீர் ஏறாம நல்லா இருக்கானா?" என்று கேட்டீர்கள். சொந்த லாரி இல்லையென்றாலும், ஊசி குத்தாத நாட்களில் பக்கத்து ஊருக்கு மக்காச்சோள லோடு ஓட்டுகிறேன். இதையெல்லாம் நான் பார்க்காமல் போயிருப்பேன்.

இந்தச் சித்திரையில் உங்களுக்கு நெஞ்சில் வலி வந்தது. அன்றும் ஊசியைக் கழற்றும்போது வழக்கம்போலக் கேள்வி கேட்டீர்கள். "அண்ணாச்சிக்கு ஒரு சோடி இருக்குமாலே? இல்ல, இத்தன காலமும் ஒத்தையிலயா?" அடுத்த முறை உங்கள் கட்டில் காலியாக இருந்தது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோயிருப்பதாகச் சொன்னார்கள். ஒருதடவை வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள்.

செய்தி வந்தது ஒரு முறை நாள் காலையில். உடல் வீட்டுக்கு வர மத்தியானமாகும், பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள் என்றார்கள். எனக்கும் மத்தியானம்தான் முறை. அதுவும் ஞாயிறு சேர்ந்து இரண்டு நாள் இடைவெளி விட்டு வருகிற முறை, உடம்பில் தண்ணி நிறைந்து நிற்கிற நாள். வேறு நேரம் கேட்டுப் பார்த்தேன், மிஷின் காலியில்லை. "நல்லதுக்குப் போகாட்டாலும் கெட்டதுக்குப் போகணும்னு சொல்லுவாக. மொகத்தப் பாத்துட்டு வந்துருவோம். ஒருநாள்தான?" என்றாள் என் மனைவி. அவள் சொன்னதில் தப்பில்லை. நம் பக்கம் சாவுத் துட்டிக்குப் போகாதவனை ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு கோவில்பட்டி பஸ்ஸில் ஏறுகிறவரை எனக்கே தெரியாது, எங்கே இறங்கப் போகிறேன் என்று. ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கினேன்.

உங்களைத் தூக்கிக்கொண்டு அந்தச் சாலை வழியாகத்தான் போனார்கள். கொட்டுச் சத்தம் தூரத்திலிருந்து வந்து, ஜன்னலுக்கு நேரே பெரிதாகக் கேட்டது. எழுந்திருக்கப் பார்த்தேன். "அசையாதீங்க, ஊசி நகந்துரும்" என்றாள் அந்தப் பெண். அவளும் அழுதுகொண்டிருந்தாள். கழுகுமலைப் பெரியவர் எழ முடியாமல் தலையை மட்டும் தூக்கினார். கும்பிடுவதற்கு எங்கள் ஒருவருக்கும் இரண்டு கை இல்லை. சும்மா இருந்த கையை ஒவ்வொருவரும் நெஞ்சில் வைத்துக்கொண்டோம். கொட்டு போய் ஓய்ந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

முடிந்ததும் நேராக உங்கள் வீட்டுக்கு வந்தேன். சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பிவிட்டிருந்தார்கள். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள், இப்போதுதான் வருகிறானா என்று பார்த்தார்கள். உங்கள் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார்.

"மிஷின முடிச்சிட்டுத்தான வாரீங்க?" என்றார்.

சட்டைக் கையைத் தூக்கி, பிளாஸ்திரி ஒட்டியிருந்ததைக் காட்டினேன்.

"பேச்சு இருக்கும்போதே சொல்லிட்டா. 'நான் போற அன்னைக்கு அவன் முறை நாளா இருந்தா, மிஷின விட்டுட்டு ஓடி வந்துருவான். வந்தான்னா வாசல்லயே வச்சுத் திருப்பி அனுப்பிருங்க'ன்னா" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "உள்ள வாங்க" என்றார்.

வந்து உட்கார்ந்தேன் அக்கா. ரொம்ப நேரம் இருந்தேன்.

உங்கள் கேள்வி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. குழுவில் ஆளுக்கு ஒரு பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சோடி செத்துப்போயிருக்கும் என்கிறார் சேலத்துக்காரர். இன்னொரு கடலில் இருக்கும் என்கிறார் மலேசியா அம்மாள். அவர்களே இப்போது என்னிடம் கேட்கிறார்கள், லாரிக்காரர் என்ன சொல்கிறார் என்று. நான் இன்னும் ஒன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை, யோசித்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு அவசரமில்லை.

நாளைக்கு முறை நாள். போகிறேன், அக்கா.